பழுதான கொப்பிகளின் மறுபக்கம்

மச்சான்,

எங்கள் தபால் கந்தோருக்குப் புதிதாக ஒரு கொப்பி மெசின் வந்திருக்கிறது. பழையது மூன்று மாதமாகப் படுத்துக் கிடந்தது. நேற்றுக் காலை புதியதைப் பூட்டிவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தாளை விட்டார்கள். அது வெளியே வந்ததும் நான்தான் எடுத்தேன். தாளின் சூடு உள்ளங்கையில் பட்டது. கூடவே அந்தக் கருகின மை வாசனையும் வந்தது. இதே ஏறாவூரில் உன் கடைக்குள் கால் வைத்ததும் முகத்தில் அடிக்கிற அதே வாசனை. தாளைப் பிடித்தபடி நின்றுவிட்டேன் போலிருக்கிறது. கொப்பி சரியில்லையா என்று தபாலதிபர் கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் மேசைக்குப் போனேன்.

நீ போய் எட்டு மாதம். உன்னைக் கொஞ்சம் புகழ வேண்டும். உயிரோடு இருந்தபோது புகழ விட்டவனா நீ? நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தால், பஸ் போகப்போகுது, ஓடு என்று துரத்திவிடுவாய். இப்போது துரத்த முடியாது, கேள்.

நான் வலைப்பூ தொடங்கிய காலம் உனக்கு நினைவிருக்கும். வாரம் ஒரு பதிவு என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். முதலில் வாவியைப் பற்றி எழுதினேன். பிறகு வாவியின் மேலுள்ள பாலத்தை, பிறகு பாலத்தின் மேலுள்ள நிலவை, பிறகு அதற்குக் கீழே பாடுகிற மீனை. நாலு பதிவோடு மட்டக்களப்பு முடிந்துவிட்டது. ஐந்தாவது கிழமை மறுபடி மீனையே பாட விட்டேன். அந்தக் கிழமைதான் அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க உன் கடைக்கு வந்தேன். பள்ளிக்கூட நாளில் இரண்டு ஊர்ப் பந்தாட்டக் குழுக்களில் எதிரெதிராக விளையாடிய பழக்கம் நமக்கு. அதற்குப் பிறகு கண்டால் தலையாட்டிவிட்டுப் போவதுதான். நீ என் அட்டையை மெசினில் வைத்து மூடிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாய்.

"பாடுமீன் போன கிழமையும் பாடினது மச்சான். இந்தக் கிழமையாவது அதுட தொண்டைக்கு லீவு குடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுதுகிறவனுக்குத்தான் தெரியும் கஷ்டம், அப்படியானால் எதை எழுதுவது, நீயே சொல்லு பார்ப்போம் என்றேன். கடை நிறையச் சனம் நின்றது. அவர்களை நாடியை நீட்டிக் காட்டினாய். ஒவ்வொருவர் கையிலும் என்ன தாள் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாய். பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ரெண்டு கொப்பி கேட்ட இடத்துக்குப் பத்து எடுத்திட்டுப் போகுது சனம். கந்தோருல கொப்பி காணாது எண்டு திரும்ப ஒருக்கா அனுப்பிப்போடுவாங்க எண்ட பயம். அத எழுது" என்றாய்.

அன்றே எழுதினேன். பாலத்துக்கும் நிலவுக்கும் வராத வாசகர்கள் அந்தப் பத்துக் கொப்பிக்கு வந்தார்கள். கந்தோர் வாசல்களில் தாங்கள் நின்ற கதையைக் கீழே எழுதிவிட்டுப் போனார்கள். எழுதினவன் என்று என்னைப் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நம் ஏற்பாடு தானாக வந்தது. வியாழக்கிழமை நாலரைக்குக் கந்தோர் விட்டதும் உன் கடை. என் ஊர் ஆரையம்பதிக்குப் போகிற பஸ் வரும்வரை குடிக்க ஒரு பிளேன் ரீ. பழுதான கொப்பிகளை நாலாக வெட்டி ஆணியில் குத்தி வைத்திருப்பாய். அவற்றின் வெறும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் அந்தக் கிழமைக்கான தலைப்பு இருக்கும். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்து வந்த ஒருவர், வயல் வட்டைக்குள் யானை இறங்கியதென்று முறைப்பாட்டுக் கடிதம் கொப்பி எடுத்துப் போயிருப்பார். வேறு யாராக இருந்தாலும் யானையைப் பற்றி எழுது என்பார்கள். நீ எழுதியிருந்தது, "காவலுக்குப் போற மனிசன் என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போறார்?" அதைக் கேட்டுக்கொண்டு நான் பழுகாமம் வரை போனேன். ஒரு பதிவுக்குப் போனவன் மூன்று பதிவுக்கு விசயத்தோடு வந்தேன்.

உனக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒருநாள் மட்டும் சொன்னாய். "தாளுக்குள்ள என்ன எண்டு கேட்டா ஆக்கள் பயப்படுவாங்க. இதக் குடுத்திட்டு எங்க போறீங்க எண்டு கேளு. பிறகு அவங்களே சொல்லுவாங்க." மெசின் சூடாகிற அந்த ஒரு நிமிடத்துக்குள் நீ அதைத்தான் கேட்பாய். யார் தாளையும் வாசிக்கமாட்டாய். பழுதான கொப்பியில் பெயரோ இலக்கமோ இருந்தால் ஆணிக்குப் போகாது. துண்டு துண்டாகக் கிழித்து வாளிக்குள் போட்டுப் பின்னேரம் எரிப்பாய். ஊருடைய இரகசியமெல்லாம் உன் கைக்குள்ளால் போனது, ஒன்றும் ஒட்டவில்லை. அந்தக் குணத்தைக் கும்பிட வேண்டும் மச்சான். என்னிடம் அது இருக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எனக்கு அதில் பாதிதான் தெரிந்திருந்தது.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சைக்குக் கொஞ்சம் முந்திய வியாழன். கடையில் நிற்க இடமில்லை. ஆணியில் இருந்த துண்டை நீ பார்க்காமலே இழுத்துத் தந்தாய். தலைப்பு, பெருநாளைக்கு ஊருக்கெல்லாம் தைக்கிற தையல்காரன் தனக்கு எப்போது தைக்கிறான் என்பது. பஸ்ஸில் வாசித்தபோது அது எனக்குச் சப்பென்று இருந்தது. துண்டைத் திருப்பினேன். மறுபக்கத்தில் மை இழுபட்ட ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. பெயர் இல்லை. ஒரு தாய் பள்ளிக்கூட அதிபருக்கு எழுதியது. மறுபடியும் குவைத்துக்கு வேலைக்குப் போகிறாளாம். பரீட்சை முடியும்வரை மகளுக்கு அது தெரியவேண்டாமாம். கால் வளர்ந்தாலும் இரண்டு வருசத்துக்குக் காணட்டும் என்று பெரிய அளவில் சப்பாத்து வாங்கி, முன்னுக்குப் பஞ்சு அடைத்துக் கொடுத்திருக்கிறாளாம். பஞ்சைக் கண்டு பிள்ளை ஏதும் கேட்டால் சமாளிக்கச் சொல்லி எழுதியிருந்தாள்.

சப்பாத்து என்று இங்கே சொல்கிறேன். கடிதத்தில் இருந்தது வேறு ஒரு பொருள். எது என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு இனி வேண்டாம்.

அது எனக்கு வந்த தலைப்பு இல்லை என்று அந்த பஸ்ஸுக்குள்ளேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். பெயர் வைத்தேன், ஊரை மாற்றினேன், குவைத்தைக் கட்டார் ஆக்கினேன். அந்தப் பொருளை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. பதிவிலேயே நல்ல வரி அதுதான். நான் எழுதியதில் அதிகம் பேர் வாசித்ததும் அந்தப் பதிவுதான். திங்கட்கிழமை கந்தோருக்கு வந்து வாசலில் நின்று கூப்பிட்டாய். எனக்காகக் கடையை விட்டு நீ வந்தது அந்த ஒருநாள்தான்.

"அந்தப் பதிவ எடு மச்சான்."

ஏன் என்று கேட்டேன்.

"எடு. பிறகு சொல்றன்."

எடுத்தேன். ஆனால் முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு வியாழன் உன் கடைப் பக்கம் வரவில்லை. என் பெயர் வெளியே வருவது உனக்குப் பொறுக்கவில்லை என்று கூட நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதும்போது இப்போது கை கூசுகிறது. மூன்றாவது வியாழன் வந்தேன். நீ ஒன்றும் நடக்காதது போலப் பிளேன் ரீ சொல்லிவிட்டுத் தலைப்பைத் தந்தாய். அன்று அது பழுதான கொப்பி அல்ல, புதுக் கட்டில் இருந்து எடுத்த வெள்ளைத் தாள். இரண்டு பக்கமும் வெறுமை. அதற்குப் பிறகு கடைசிவரை அப்படித்தான் தந்தாய். கடை செழித்துவிட்டது போல, நல்ல தாளையே வெட்டுகிறாய் என்று பகிடி பண்ணினேன். எழுத இடம் கூடுதலாக இருக்கட்டும் என்றாய். பதிவை ஏன் எடுக்கச் சொன்னாய் என்று நானும் மறுபடி கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

உன்னை அடக்கிய அன்று ஜனாசாவுக்கு வந்து பள்ளிவாசல் மதிலோரம் நின்றேன். அதற்குப் பிறகு வலைப்பூவில் ஒரு எழுத்து ஏறவில்லை. வியாழன் நாலரைக்குக் கால் தானாக உன் கடைப் பக்கம் திரும்பும். பூட்டிக் கிடக்கும். வீட்டுக்குள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்த பிறகு உன் மனைவி கடையைத் திறந்தார். நானும் வியாழக்கிழமைகளில் ஏதாவது ஒரு தாளை எடுத்துக்கொண்டு போவேன். தேவையில்லாத கொப்பி எடுக்கிற ஆளாகிவிட்டேன்.

போன மாதம் அப்படி நின்றபோது அக்கா வயதில் ஒரு ராத்தா வந்தார். நாலு வருசம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். உன்னைக் கேட்டார். உன் மனைவி விசயத்தைச் சொன்னதும் மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவராகவே கதையைத் தொடங்கினார். அவருடைய கடிதம் ஒன்று கொப்பி எடுக்கையில் பழுதாகிப் போனதாம். அதில் இருந்த விசயம் யாரோ ஒருவனுடைய வலைப்பூவில் வந்ததாம். கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று போனில் காட்ட, மகள் அந்தப் பொருளை வைத்தே தாயைக் கண்டுபிடித்துவிட்டாளாம். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்ததாம். பிள்ளை மூன்று நாள் புத்தகம் தொடவில்லையாம். இவர் இந்தக் கடை வாசலில் நின்று, தெரு பார்க்க உன்னை ஏசினாராம்.

"எழுதினவன் ஆரு எண்டு கேட்டன். அது வேணாம் ராத்தா, தாள் என்ட கையால போனது, என்ட பிழை எண்டாரு. தலையக் குனிஞ்சு கேட்டுக்கொண்டே நிண்டாரு. மகள் பிறகு நல்லாத்தான் பாஸ் பண்ணினாள். இப்ப வந்தாறுமூலைக் கெம்பஸ்ல படிக்கிறாள். கோவம் இல்லெண்டு சொல்லுவம் எண்டுதான் வந்தன், ஆள் இல்ல."

உன் மனைவி அழுதார். தனக்கு இது தெரியவே தெரியாது என்றார். வீட்டிலும் சொல்லாமல்தான் இருந்திருக்கிறாய். நான் என் தேவையில்லாத கொப்பியோடு நின்றேன். பேசாமல் போய்விடலாம், ஒருவருக்கும் தெரிய வராது. வாசல்வரை போனேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்து, "ராத்தா, அதை எழுதினது நான்தான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உன் மனைவியும் பார்த்தார். அந்தத் துண்டு எப்படி என்னிடம் வந்தது, அது எனக்கு உரியதல்ல என்று தெரிந்தும் எப்படி எழுதினேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அன்று கடைக்காரருக்குச் சொன்ன ஏச்சை எனக்கும் சொல்லுங்கள், அதெல்லாம் நான் கேட்க வேண்டியது என்றேன்.

"இப்ப ஏச வருகுதில்ல தம்பி. இரிந்ததெல்லாத்தையும் அவருக்கே சொல்லிட்டன்."

பிறகு நான் இதை எழுதலாமா என்று கேட்டேன். மகளிடம் முதலில் காட்டச் சொன்னார். காட்டினேன். பிள்ளை முழுவதும் வாசித்துவிட்டு, அந்தப் பொருளை மட்டும் மாற்றச் சொன்னது. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போட்டுக்கொள்ளுங்கள் என்றது, அவ்வளவுதான்.

மறுபடி வாரம் ஒன்று எழுதுகிறேன் மச்சான். தலைப்புக்குப் பஞ்சமில்லை. தபால் கந்தோர் யன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கே அது நிறையக் கிடைக்கிறது, நீ பார்க்கச் சொன்னபடி பார்த்தால். எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறேன். எழுதட்டுமா என்றும் கேட்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பாதியை விட்டுவிடுகிறேன்.

ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்னால், யாரோ ஒருவர் கோபத்தோடு வாசலில் வந்து நிற்பதாக நினைத்துப் பார்க்கிறேன். முன்பு அப்படி வந்தவருக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றவன் நீ. இனி வந்தால் நான்தான் எழும்பிப் போகவேண்டும்.