பலகையை எடுத்தது நான்தான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் மழைக்கு முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருந்தால் எங்களுக்கு அது போதும்.

உன் கடிதம் வந்தது. எங்கள் மீன்துறை ஆபீசுக்கு வந்திருக்கும் புது அதிகாரி உன்னோடு படித்தவராம், நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். அந்த மேதாவி செய்ததைக் கேள். கோடையில் மூன்று நாள் வந்து, பூட்ஸில் சேறு படாமல் பாலத்தின் மேல் நின்று, மடுவில் கிடந்த ட்ரவுட் மீன்களை எட்டிப் பார்த்துவிட்டு, இதுங்க எங்கயும் போகாது, எல்லாம் இங்கயே இருக்கிற மீன்தான் என்று அறிக்கை எழுதிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக மீனுக்கு அடையாளப் பட்டை கட்டி நான் குறித்த நோட்டுகளைப் புரட்டக்கூட இல்லை. ஒரே தாயின் முட்டையில் பொரித்ததில் சிலது மடுவை விட்டு நகராது, சிலது ஏரிக்குப் போய்க் கொழுத்து, இலை உதிரும் காலத்தில் முட்டையிட மேலோடைக்கே திரும்பி வரும், இது எங்கள் ஆபீசைப் பெருக்குகிற அம்மாவுக்கும் தெரியும். இவரோ தடுப்பணையில் மீன் ஏறும் வழியைப் பலகை போட்டு அடைக்கச் சொல்லிவிட்டார், தண்ணீர் வீணாகிறதாம்.

போன மாதம் முதல் மழைக்கே ஏரி மீன் வந்துவிட்டது. வயிறு நிறைய முட்டையோடு எகிறி எகிறிச் சுவரில் முட்டி மூக்கெல்லாம் ரத்தம். போன் செய்தால், எழுதிக் குடுங்க, அடுத்த கூட்டத்தில வைக்கிறேன் என்கிறார். அதுவரை முட்டையை அடக்கிக்கொள் என்று மீனிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. மதகுக்காரர் பிள்ளைகுட்டிக்காரர், பலகையில் கைவைக்கப் பயந்தார். நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க என்று அவரை அனுப்பிவிட்டு, கடப்பாரையால் நானே பலகைகளை நெம்பி எடுத்தேன். சாயங்காலத்துக்குள் நூற்றுப் பதினேழு மீன் ஏறியது. ஒன்றில் நாலு வருஷத்துக்கு முன் நான் கட்டிய பட்டை இருந்தது, நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் அந்த அதிகாரி துரை வந்து, பலகை தானா நழுவிடுச்சுன்னு கையெழுத்துப் போடுங்க, விட்டுடறேன் என்றார். தெரிந்தே எடுத்தேன், மறுபடி அடைத்தால் மறுபடி எடுப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் வேலைக்கு வரக்கூடாதாம். ஆனால் மேலிடத்திலிருந்து என் நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் போனார்கள், வழியை யாரும் திரும்ப அடைக்கவில்லை. இவரிடமா நான் மன்னிப்புக் கேட்பது? பரீட்சையில் உன் பேப்பரைப் பார்த்துக்கூடத் தப்பாக எழுதியவர்தானே.

பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. மனம் கோணாமல், உடம்பு நோகாமல் இரண்டு பேரும் நிறைந்து வாழுங்கள். நான் தினமும் காலையில் கரைக்குப் போய் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆற்றைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா