கண்ணில் குத்திய பச்சை

என் இடப்பக்கமாகவே நடந்த அன்பு அண்ணிக்கு,

தம்பி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்ற எதையும் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். பெண் காம்பார் ஊர்க்காரி. எனக்கு முன்னால் தம்பிக்கு என்ன அவசரம் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேசினார்கள், பேசட்டும். மூன்றாவது முடிச்சை நான்தான் போட்டேன், அண்ணி.

ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரி கோணலாகத்தான் போகும். உங்களுக்கோ எழுத்துத் தெரியாது. குறை சொல்ல மாட்டீர்கள்.

உங்கள் கல்யாணம் நினைவிருக்கிறதா? ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அண்ணன் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தங்கை நான், நாத்தனார் முடிச்சு என்னுடையது. ஆனால் சின்ன வயதில் அம்மை போட்டு என் இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. கருவிழி இருக்க வேண்டிய இடம் முழுக்க வெள்ளை. "பூக்கண்ணு புள்ள தாலியத் தொட வேணாம், வேற யாராச்சும் கட்டட்டும்" என்றாள் கங்காணி வீட்டம்மா. நான் கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தேன். தலை நிமிரக்கூடாத மணப்பெண் நீங்கள், நிமிர்ந்தீர்கள். "அவ கட்டலைன்னா முடிச்சு ரெண்டோட இருக்கட்டும்" என்றீர்கள். அழுதுகொண்டே மூன்றாவது முடிச்சைப் போட்டேன். எந்தப் பெண் மணவறையில் உட்கார்ந்துகொண்டு இப்படி வாய் திறந்திருக்கிறாள்?

விடிந்ததும் என் முகத்தில் விழிக்கக்கூடாது என்று எதிர்வீட்டில் கதவைச் சாத்துவார்கள். நீங்களோ என்னை உலுக்கி எழுப்புவீர்கள். "ஒன் மூஞ்சில முழிச்சாத்தான் எனக்குப் பால் நல்லா வடியுது" என்பீர்கள். பொய்தானே? காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் போகும்போதும், பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகும்போதும் எனக்கு இடப்பக்கம் வருவீர்கள். வாளியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையால் என் முழங்கையைப் பிடித்திருப்பீர்கள். "கெள இருக்கு, குனி." "வாய்க்கா வருது, தாண்டு."

பச்சை குத்துகிற அம்மாள் தோட்டத்துக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கையில் தேள் உருவம் குத்திக்கொண்ட கையோடு என்னை இழுத்து அவள் முன்னால் உட்கார வைத்தீர்கள். "கையில பச்சையா எறங்குதுல்ல, இவ கண்ணுல கருப்பா எறக்கிவிடு" என்றீர்கள். அவள் ஊசியையும் மையையும் சுருட்டிக்கொண்டு ஓடியே போனாள். லயமே சிரித்தது. நான் உங்களோடு பேசாமல் இருந்தேன்.

கதை தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயா காதுக்குப் போனது. திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று பயந்துகொண்டே போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், சுலபத்தில் சிரிக்க மாட்டார். "நல்ல காலம், அந்த மனுசி குத்தேல்லை. ஆனா நீங்கள் கேட்டது பைத்தியக் கதையில்லை. ஈப்போவில ஒரு டொக்டர் வெள்ளை விழுந்த கண்ணில மை குத்துறார். பார்வை வராது, நிறம் மட்டும் வரும்" என்றார்.

"பார்வை வராட்டி எதுக்கு?" என்று வெளியே வந்து கேட்டேன். "நீ முந்தானையால மூஞ்சிய மூடாம சிரிக்கிறத நான் பாக்கணும்லா" என்றீர்கள்.

பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அண்ணனிடம் அதையேதான் சொன்னீர்கள்: "இவள ஈப்போ கூட்டிட்டுப் போங்க." கூட்டிப்போனார். கண்ணில் மருந்து விட்டு மரத்துப்போக வைத்தார்கள். கறுப்பு மையைத் தடவி, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் டாக்டர் மெல்ல மெல்லக் குத்தினார். வலிக்கவில்லை, பயம்தான். புண் ஆறியதும் இன்னொரு தடவை போய், விட்டுப்போன இடத்தை நிரப்பிக்கொண்டு வந்தோம்.

கண்ணாடியில் இரண்டு கறுத்த கண்கள், அண்ணி! கிட்டத்தில் பார்த்தால் ஓரம் கொஞ்சம் சாம்பலாக இருக்கும், தள்ளி நின்றால் தெரியாது. அண்ணன் "அவ இருந்திருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. கண் கறுத்ததும், அது பார்வை தெரியாத கண் என்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். இடப்பக்கமிருந்து வாளியை நீட்டுகிறார்கள். வாங்காவிட்டால் திமிர் என்கிறார்கள். வாய்க்காலில் விழுந்தும் எழுந்தேன். நீங்கள் எத்தனை வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

தம்பிக்குப் பெண் நிச்சயமானதும் அதே கங்காணி வீட்டம்மா வந்தாள். "இப்பத்தான் கண்ணு லட்சணமா இருக்கே, நீயே முடிச்சுப் போடு. பொண்ணு வீட்டுல மட்டும் சொல்லிக்கிடாத" என்றாள். சொன்னால் முடிச்சு கைவிட்டுப் போகலாம். எனக்கு அந்த முடிச்சு வேண்டும், ரொம்பவும் வேண்டும். ஆனால் நீங்கள் எனக்காக ஊர் முன்னால் நிமிர்ந்தவர். உங்கள் நாத்தனார் ஒளித்து வைத்துப் போடலாமா?

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணைத் தனியாகப் பார்த்தேன். "தாயி, இந்தக் கண்ணு மை குத்துன கண்ணு. பார்வை இல்ல. ஒனக்கு வேணாம்னா நான் தள்ளி நின்னுக்கிறேன்" என்றேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டாள். வேணும் என்கிறாளா வேண்டாம் என்கிறாளா, எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் தம்பி இரண்டு முடிச்சுப் போட்டான். யாரும் என்னைத் தடுக்கவில்லை. பெண்ணின் பின்னால் குனிந்தேன். தாலிக் கயிற்றின் ஒரு நுனி கிடைத்தது, மற்றது இடப்பக்கம் மாலைக்குள் நழுவிவிட்டது. தடவுகிறேன், பூதான் வருகிறது. "என்ன, கண்ணு தெரியலையா?" என்று பெண் வீட்டுப் பக்கம் ஒரு குரல். நான் மறுபடி தடவினேன். அப்போது அந்தப் பெண் குனிந்த தலையோடு கையைப் பின்னால் கொண்டுவந்து, மாலையை விலக்கி, நுனியை எடுத்து என் வலப்பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணி. இந்தப் பக்கம்."

புருஷனின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், தெரியும். இருந்தாலும் நீங்களே வந்து நின்ற மாதிரி இருந்தது. முடிச்சை இறுக்கிப் போட்டேன், முகத்தை மூடாமல் சிரித்தேன்.

நேற்று அவள் முதல் தடவையாக வேலைக்கு வந்தாள். கேட்காமலே என் இடப்பக்கம் சேர்ந்துகொண்டாள். தோட்டம் அவளுக்குப் புதிது. எனக்கு வழி பார்க்கிற மும்முரத்தில் கிளையில் தன் தலையையே இடித்துக்கொண்டாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணி. இந்த லயத்தில் யாராவது அவளை ஒரு சொல் சொன்னால், நான் நிமிர்ந்து வாய் திறப்பேன். தினமும் விடிந்ததும் போய் அவளை உலுக்கி எழுப்புவேன். ஒன் மூஞ்சில முழிச்சாத்தான் எனக்குப் பால் நல்லா வடியுது என்பேன். பால் வடியாத நாளிலும் சொல்வேன்.

நீங்கள் விட்டுக்கொடுக்காத நாத்தனார்,
இப்போது ஒருத்திக்கு அண்ணியுமான
செல்லம்மா