பறவையைப் பார்த்து விழுந்தவள் எழுதுவது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், அதாவது உன் மாமா உன்னிடம் சொன்ன அளவுக்கு மோசமில்லாத நலம். நீயும் மருமகளும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கட்டுப் போட்டிருப்பது இடது கையில், எழுதுவது வலது கையால், ஆகவே எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் கோபம்தான், எலும்பு இல்லை.

வெறும் வாயை மெல்லுகிற உன் மாமாவுக்கு அவல் கிடைத்துவிட்டது. ஏரியில் வழுக்கி விழுந்தாள், ஆளே போயிருப்பாள் என்று கண் காது மூக்கெல்லாம் வைத்துச் சொல்லியிருக்கிறான். என் தம்பியாகப் பிறந்துவிட்டான், என்ன செய்ய. நடந்ததை நானே சொல்கிறேன். மரத்தின் உச்சியில் மஞ்சள் மாங்குயில் ஒன்று உட்கார்ந்திருந்தது, கேமராவைத் தூக்கிக்கொண்டு அதையே பார்த்தபடி பின்னால் நகர்ந்தேன். என்னோடு படம் எடுக்க வருகிற செடிக்காரியை உனக்குத் தெரியும், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், பறவை அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அவள் எனக்குப் பின்னால் புல்லில் குப்புறப் படுத்து, கடுகளவு பூ ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வழுக்கவே இல்லையடா, அவள் மேல் தடுக்கி விழுந்தேன். அப்போது அவள் கேட்ட முதல் கேள்வி, ஐயையோ பூ நசுங்கிடுச்சா பாருங்க என்பது. பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைத் தூக்கினாள். விழுந்தா யாரும்மா தூக்குவாங்க என்று ஃபோனில் கத்தினாயே, இவள்தான் தூக்குவாள், கொஞ்சம் தாமதமாகத் தூக்குவாள், அவ்வளவுதான்.

என்னைக் கொண்டுபோனது நான் காலமெல்லாம் வேலை பார்த்த அதே எக்ஸ்ரே அறைக்கு. என் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், கையைத் தட்டின் மேல் வைத்துவிட்டு, அம்மா மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்றாள். மணிக்கட்டுக்கு எதுக்கும்மா மூச்சு, அது நெஞ்சுக்குத்தானே என்றேன், பழக்க தோஷத்துல வந்துடுச்சும்மா என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளை நான் எப்படித் திட்டுவது. போன மாதம் ஓடைப் பக்கம் ஒரு மீன்கொத்தி கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தபோது நானும் வாய்விட்டு மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று சொல்லித் தொலைத்தேன். மரியாதையாகத்தான் சொன்னேன், இருந்தாலும் பறந்துவிட்டது. செடிக்காரி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

என் படத்தை நானே பார்த்தேன். மணிக்கட்டில் முடி போல ஒரு விரிசல். அது ஆறிவிடும். ஆனால் எலும்பு மெலிந்திருக்கிறது, டாக்டர் உன்னிடம் ஃபோனில் சொன்னது உண்மைதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பாக இருக்கலாம், இடுப்பு போனால் என்ன ஆகும் என்று உனக்கு யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும், எனக்குச் சொல்லவேண்டாம். எத்தனை உடைந்த இடுப்பைப் படம் எடுத்திருக்கிறேன் தெரியுமா. ஒவ்வொருவரையும் மேஜையில் படுக்க வைக்கும்போது எங்கே விழுந்தீங்க என்று கேட்பேன். குளியலறை, கட்டில், வாசற்படி, டிவி பார்க்கிற நாற்காலி. பறவையைப் பார்த்து விழுந்தேன் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. வீட்டிலேயே இருந்தால் பத்திரம் என்று நீ சொல்கிறாய், வீட்டிலிருந்து வந்தவர்களைத்தான் நான் படம் எடுத்தேன். பயமில்லை என்று சொன்னால் பொய், படியிறங்கும்போது கைப்பிடியை விடுவதேயில்லை. பயந்துகொண்டே போகிறேன், போகாமல் இருக்கப் போவதில்லை.

சன்னல் இல்லாத அறையில், கதிர் படாமலிருக்க ஈய அங்கியைச் சுமந்துகொண்டு, கறுப்பும் வெள்ளையுமாகவே என் வேலைக்காலம் போயிற்று. அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய், உன் அப்பாவின் வைத்தியமும் நடந்தது. ஆனால் அந்த மீன்கொத்தியின் முதுகில் இருந்த நீலத்தைப் பார்த்தபோது, இத்தனை நாள் இதெல்லாம் நான் வேலைக்குப் போகும் வழியிலேயே இருந்திருக்கிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போன வருஷம் உப்புப் பாலைவனத்தில் விடிந்ததைப் படம் எடுத்தேன், அதற்கு முன்னால் மலைக்காட்டில் ஆள் உயரப் பெரணிகளை. அடுத்தது கடல் தாண்டி ஒரு குளிர்தேசத்துச் சதுப்பு, பெரிய கொக்குகள் ஜோடி ஜோடியாக ஆடுகிற இடம். கட்டுப் பிரித்தவுடன் செடிக்காரியோடு கிளம்புகிறேன். அவளுக்கு அங்கே பாசிதான் முக்கியமாம். உன் மாமா ஊர் சிரிக்கும் என்றான். நல்லா சிரிக்கட்டும், சிரிச்சா உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன்.

நீ உன் வீட்டில் எனக்காக ஏற்பாடு செய்த அறையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடித்து நடக்கச் சுவரெல்லாம் கம்பி, வழுக்காத தரை, கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி. கம்பியை நீயே முடுக்கியிருக்கிறாய், ஒன்று கோணலாக இருப்பதில் தெரிந்தது, அதைப் பார்த்து அழுதேன். உன் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சன்னல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. நீ அனுப்பிய டிக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், போவதற்கு மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தேதியில் நான் கொக்குகளோடு இருப்பேன், அதை ரத்து செய்துவிடு. உன் ஊருக்கு வராமல் இருக்க மாட்டேன், பேரக்குழந்தையைத் தூக்க எனக்கும் கை துடிக்கிறது. உன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலோரப் பாறை ஒன்றில் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கின்றனவாம், செடிக்காரி படித்துச் சொன்னாள். இத்தனை வருஷமாக அங்கே இருக்கிறாய், ஒரு நாளாவது போய்ப் பார்த்தாயா. அவை வருகிற மாதத்தில் நானும் வருகிறேன். நீ லீவு போட்டுவிட்டு கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு என் கூட வா, நான் விழுந்தால் நீயே தூக்கலாம்.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. என் மேல் கோபப்படு, பேசாமல் மட்டும் இருக்காதே. புது டிக்கெட் போடும்போது மறந்துவிடாதே, திரும்பி வருவதற்கும் சேர்த்துப் போடு.

இப்படிக்கு,
யார் சொன்னாலும் கேட்காத
உன் அம்மா