கூரைத் தண்ணீர் விழும் எல்லை

பட்டுக்கோட்டை
20-7-1971

ரெங்கம்மாளுக்கு நாகநாதன் எழுதுவது.

கை கால் முழுசாக இருக்கிறது, சாப்பாட்டுக்கும் வழி கிடைத்துவிட்டது. அப்துல் மஜீது பாயின் தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிறேன். வழக்கு முடியும்வரை ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது என்று ஜாமீன் கொடுத்தார்கள் அல்லவா, தினமும் காலை பத்து மணிக்கு இங்கே ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறேன். கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டதற்கு ஏழு பேர் மேல் கொள்ளை வழக்கு. ஏழு பேருக்கும் கையெழுத்துப் போட ஏழு ஊர். மந்திரி மேடையில் உழுகிறவனுக்கே நிலம் என்று பேசுகிறார். இங்கே ஏட்டு என்னைப் பார்த்ததும், "வாங்க மிராசுதாரே, வந்து கையெழுத்தப் போடுங்க" என்கிறான்.

மீன்கார மூஸா மண்டிக்கு வந்திருந்தார். குடிசையைக் காலி செய்யச் சொல்லிப் பண்ணையில் உன்னை மிரட்டுவதாகச் சொன்னார். அதே வாயால், நீ கொல்லையில் வெண்டை விதை ஊன்றிக்கொண்டிருக்கிறாய் என்றும் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. நாளைக்கு நம்மை இருக்க விடுவார்களோ மாட்டார்களோ, அந்த மண்ணில் வெண்டைக்காயா? அந்த நேரத்தில் சங்கத்துக் கூட்டத்துக்குப் போய் உட்கார். நான்கு விஷயமாவது காதில் விழும்.

உன்
நாகநாதன்


கீழமருதங்குடி
2-8-1971

மாமாவுக்கு ரெங்கம்மாள் வணக்கம்.

கடிதம் கண்டேன். நீங்கள் சாப்பிடுவது தெரிந்து ஆறுதல். கூட்டத்துக்குப் போனேன். நான்கு விஷயமும் கேட்டேன். பேசியவர் மூன்றாவது விஷயத்தில் இருக்கும்போதே வந்திருந்த பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்துவிட்டன. ஆடியில் விதை போடாமல் எப்போது போடுவது?

வெண்டை முளைத்துவிட்டது. இரண்டு இலை விட்டதும் என்ன மிடுக்கு என்கிறீர்கள்! கீரை விதையை மணலோடு கலந்து தூவினேன், நான்காம் நாள் தரை பச்சையாகிவிட்டது. கத்திரிக்கு அடுப்புச் சாம்பல். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை. நடவுக்குப் போய்விட்டு எவன் வயலிலோ குனிந்து நிமிர்ந்து வந்த பிறகு, இந்தக் கொல்லையில் குனிந்தால் இடுப்பு வலிப்பதில்லை. ஏனென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் படித்தவர், யோசித்துச் சொல்லுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பண்ணைக் காரியக்காரர் துரைராசு வந்தார். தடியால் தரையில் கோடு கிழித்தார். "ஏ ரெங்கம்மா, பண்ணை வழக்கம் தெரியுமுல்ல? கூரைத் தண்ணி சொட்டுற வரைக்கும்தான் உங்க எடம். அதுக்கு அந்தாண்ட பண்ணை மண்ணு" என்றார். கோட்டுக்கு அப்பால் இருந்த மிளகாய்க் கன்று பதினொன்றையும் காலால் மிதித்துவிட்டுப் போனார்.

வழக்கம் வழக்கம்தானே. "சரிங்க, தண்ணி சொட்டுற வரைக்கும்தானே?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன். மறுநாள் கூரை விளிம்போடு சேர்த்து மூங்கில் கட்டிப் பந்தல் போட ஆரம்பித்தேன். கூரைச் சரிவு எப்படி இறங்குகிறதோ அப்படியே பந்தலும் இறங்குகிறது. சுரையும் அவரையும் ஊன்றியிருக்கிறேன். மழைக்காலத்துக்குள் மூடிவிடும்.

ரெங்கம்மாள்


பட்டுக்கோட்டை
12-9-1971

அன்புள்ள ரெங்கம்மா,

உன் கடிதத்தை மண்டியில் உரக்கப் படித்தேன். உரிக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். மஜீது பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யோவ் நாகநாதா, ஒன் வீட்டம்மாவ சட்டசபைக்கு அனுப்புய்யா. அங்க இருக்கறவனுவளுக்கு ஒரு பந்தல் போடவே அஞ்சு வருசம் ஆவுது" என்றார். அன்று முழுக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. வெண்டைக்காய் பற்றி எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இடுப்பு வலியைப் பற்றிக் கேட்டிருந்தாய். யோசித்தேன். மேடையில் பேசுகிற எந்த வார்த்தையும் அதற்குப் பொருந்தவில்லை. நீயே கண்டுபிடித்துக்கொள்.

புடலை போட்டிருக்கிறாயா? காய் சுருண்டுகொள்ளாமல் நுனியில் கல் கட்டித் தொங்கவிடு. சங்கத்தில் குடியிருப்புச் சட்டம் என்று பேசிக்கொள்கிறார்களே, மனையை அளந்து குடியிருப்பவருக்கே கொடுப்பார்களாம். நம்பாதே. அளக்கிறவன் பண்ணை வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் சங்கிலியை எடுப்பான்.

துரைராசு இங்கே வந்திருந்தார். கொப்பரை விலை விசாரிக்க வந்தாராம். என்னிடமும் இரண்டு வார்த்தை பேசினார், பெரிதாக ஒன்றுமில்லை. வேறு ஊரில், வேறு மண்ணில் இருந்தாலும் இதே மாதிரி தோட்டம் போடுவாய்தானே? சும்மா கேட்டேன்.

நாகநாதன்


கீழமருதங்குடி
14-11-1971

அன்புள்ள மாமா,

புடலைக்குக் கல் கட்டிவிட்டேன். என் தோள் உயரத்துக்குத் தொங்குகிறது. சுரை நாற்பது காய்க்கு மேல் பறித்தாயிற்று. வழக்கில் மாட்டிய மற்ற ஆறு பேர் வீட்டுக்கும் முறை வைத்துக் கொடுக்கிறேன். உங்கள் ஏழு பேர் வீட்டில் யாருக்கும் பண்ணையில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், அந்த வீடுகளில் குழம்பென்று ஒன்று கொதிப்பது இந்தக் கொல்லையிலிருந்துதான்.

நீங்கள் சொன்னபடியே அளக்க வந்தவர் பண்ணை வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர். கூடவே சங்கிலிக்காரரும் துரைராசுவும். வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர், "இந்த மனைக்கு எல்லை எது?" என்று கேட்டார். துரைராசு முந்திக்கொண்டு, "தலமொறையா வழக்கங்க. கூரைத் தண்ணி சொட்டுற வரைக்கும்தான்" என்றார்.

நான் பந்தலை அண்ணாந்து பார்த்தேன் மாமா. இன்ஸ்பெக்டர் நின்றது பந்தலின் கடைசிக் காலுக்குப் பக்கத்தில். கூரையில் விழுந்த தண்ணீர் சுரை இலையில் இறங்கி, அவரை இலையில் இறங்கி, நேராக அவர் வழுக்கைத் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அய்யா, அது கூரை இல்லீங்க, பந்தலு" என்றார் துரைராசு.

"தண்ணி சொட்டுற எடம்னு நீர்தானே சொன்னீர்? பின்ன என் தலையில என்ன பன்னீரா ஊத்துது?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர். அவர் நல்லவர் என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தது ஒரே குடை, அது துரைராசு கையில் இருந்தது, அந்த ஆத்திரம். பந்தல் கால் வரைக்கும் சங்கிலி பிடித்து எழுதிக்கொண்டார்கள். அடுப்படி, கத்திரி, மறுபடி ஊன்றிய மிளகாய், கிணற்றடி, எல்லாம் உள்ளே வந்துவிட்டது.

மனை என் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஏனென்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு முன்னால் என்னிடம் சொல்ல உங்களுக்கு ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ரெங்கம்மாள்


பட்டுக்கோட்டை
2-12-1971

ரெங்கம்மா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் எழுதப் பேனாவை எடுப்பேன், வைப்பேன். இன்று எழுதிவிடுகிறேன்.

என் மேலிருந்த வழக்கு போன மாதம் முதல் வாரமே முடிந்துவிட்டது. கையெழுத்தும் கிடையாது. யாருக்கும் சொல்லவில்லை. வழக்கு எனக்கு மட்டும்தான் முடிந்தது, மற்ற ஆறு பேருக்கு இல்லை. அக்டோபரில் துரைராசு மறுபடி வந்தார். "நீ மட்டும் வெளிய வந்துரலாம். மனையில எனக்கோ என் குடும்பத்துக்கோ பாத்தியதை இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடு" என்றார். ஏமாந்து போட்டேன் என்று சொன்னால் நீ நம்புவாய், அதனால்தான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் தினமும் அந்த ஏட்டு முன்னால் நின்றேன். ஒருநாள் என்னைத் தரையில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். அதற்கு மறுநாள்தான் துரைராசு வந்தார். ஒரு குடிசைதானே, நாலு கத்திரிச் செடிதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். செடியை நட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பக்கம் பக்கமாக நிலத்தைப் பற்றிப் பேசியவன் நான். நீ ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. பதினொரு கன்றைத் துரைராசு மிதித்தபோது சண்டைகூடப் போடவில்லை, மூங்கிலை எடுத்தாய். உன் கடிதங்களை வைத்துக்கொண்டு மண்டியில் நான் பெருமையடித்த நாட்களை நினைத்தால் கூசுகிறது. உன்னைப் போல ஒரு ஆளை நான் சங்கத்திலும் பார்த்ததில்லை, வெளியிலும் பார்த்ததில்லை.

பஸ் நிலையம் வரை மூன்று தடவை போய்த் திரும்பிவிட்டேன். நான் வரலாமா? வரக் கூடாது என்றால் பதில் போட வேண்டாம், புரிந்துகொள்கிறேன்.

நாகநாதன்


கீழமருதங்குடி
10-12-1971

மாமாவுக்கு,

அந்தக் காகிதத்தை நான் பார்த்துவிட்டேன். அளந்த அன்றே துரைராசு சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார், "இவ புருஷனே எழுதிக் குடுத்துட்டானுங்க" என்று. உங்கள் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "ஆடியிலேர்ந்து பட்டுக்கோட்டையில கெடக்கற ஆளு எழுதினது எதுக்கு ஆவும்? சட்டம் குடியிருக்கறவங்களுக்கு. இங்க இருக்கறது இந்தம்மா" என்று சொல்லி என் பெயரைக் கேட்டார். ரெங்கம்மாள் என்றேன். உங்கள் பெயரைச் சேர்க்கவா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

அன்று அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் காலையில் அவரைப் பந்தலைப் பார்த்தேன், பறிக்காமல் விட்டால் முற்றிவிடும் போலிருந்தது. பறிக்கப் போனேன். அப்படியே அந்த நாளும் போயிற்று. நீங்களாக வாய் திறக்க வேண்டும் என்றுதான் போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன். திறந்துவிட்டீர்கள். நிறையப் பேருக்கு அது வராது.

தரையில் உட்காரச் சொன்னானே அந்த ஏட்டு, அவன் கை விளங்காமல் போக.

வருகிற பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத் திடலில் சங்கம் கூடுகிறது. மற்ற ஆறு பேர் வீட்டுப் பெண்களும் வருவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இங்கே வராதீர்கள். முதலில் அங்கே போய் எனக்கு எழுதியதை அவர்கள் முன்னால் சொல்லுங்கள். ஏமாந்தேன் என்று இல்லாமல், படித்துவிட்டுப் போட்டேன் என்றே சொல்லுங்கள். ஏசுவார்கள். யாராவது கை ஓங்கினாலும் திருப்பி ஒன்றும் செய்யாதீர்கள். அதற்குப் பிறகு சங்கத்தில் வைத்துக்கொள்வதும் வேண்டாமென்பதும் அவர்கள் பாடு.

வீட்டுக்கு வருவதற்கு அவர்கள் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். முடிந்ததும் நேரே வாருங்கள். சோறு வடித்து வைத்திருப்பேன், நான் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

ரெங்கம்மாள்