ஈவிவேயின் நெஞ்சில் குடியிருப்பவை

ஜூன் 4, ஞாயிறு

மழை. கயலிட்சாக் குடிசைப் பகுதியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மகள் ஈவிவே மாத்திரையை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நாலு வயதுக் குழந்தைக்கு எனக்குக் கொடுத்த அதே கடுமையான மருந்துகள். எனக்கு வந்தது சாதாரண மருந்துக்கு அடங்காத காசநோய். போன வருடம் குணமாகிவிட்டது. அவளுக்கும் அதுதான் தொற்றியிருக்கும் என்று எண்ணி வைத்தியம் நடக்கிறது.

வாசலில் நாத்தனார் நொக்வாண்டா. நான் படுத்த நாளிலிருந்து பிள்ளையை வளர்ப்பவள் அவள்தான்.

"பெத்த பிள்ளைக்கு நீங்க குடுத்த சொத்து இது ஒண்ணுதான்" என்றாள். லுவாண்டிலே பக்கத்திலேயே நின்றார். புருஷன் என்று பெயர். தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டவர்.

நானா கொடுத்தேன்? நானேதானா?

ஜூன் 7

கடைக்காரரிடம் "ரொட்டி" என்றேன். இன்று பேசியது அவ்வளவுதான்.

ஜூன் 15

டாக்டர் பீட்டர்சன் கூப்பிட்டிருந்தார். சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் உப்புநீர் ஆவி பிடிக்கவைத்து, மூக்கில் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார்களாம். அதில் வளரும் கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து என் கிருமியோடு ஒப்பிடுவார்களாம். நெஞ்சில் வேறு என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்றும் பார்ப்பார்களாம்.

"எல்லார் நெஞ்சுலயும் கூட்டமாத்தான் குடியிருக்கும்மா. எல்லாமே கெட்டதில்ல."

என் பிள்ளையின் நெஞ்சுக்குள் கூட ஒரு கூட்டம். இந்தத் தகர வீட்டில் எனக்கு யார்?

சம்மதித்துவிட்டேன். நான்தான் கொடுத்தேன் என்று எழுத்தெழுத்தாக நிரூபணமாகிவிட்டால் —

ஜூன் 16

குழாய் விடும்போது பிடித்துக்கொண்டேன். "அத்தையக் கூப்புடு! அத்தையக் கூப்புடு!" என்று கத்தினாள். நான் மடியில்தான் வைத்திருந்தேன்.

ஜூலை 24, திங்கள்

"உங்க கிருமி இல்லம்மா. இது வேற. சாதாரண மருந்துக்கே கேக்கும்."

அப்படியானால் யாருடையது? "அத நான் சொல்லக் கூடாது" என்றுவிட்டார் டாக்டர். நாளையிலிருந்து வேறு மருந்து. சீக்கிரம் வீட்டுக்கும் அனுப்பிவிடலாமாம். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். லுவாண்டிலேவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்படியா" என்றார்.

அப்படியாவா? ஒரு வருஷமா என்னைய விஷம் மாதிரி ஒதுக்கி வச்சதுக்கு ஒரு 'அப்படியா'! போய்யா!

ஜூலை 30, ஞாயிறு

நொக்வாண்டா வந்தாள். முகத்தில் மாஸ்க். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அண்ணி, எனக்கும் சளி எடுத்துப் பாத்தாங்க. பிள்ளைக்கு வந்தது என்கிட்டருந்துதானாம். அண்ணன் நான் குடிக்கிற கப்பத் தனியா எடுத்து வச்சுட்டாரு."

இந்த ஒரு வாரமாக அவளுக்கென்றே சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாய்வரை வந்தன. அவள் வேலிக் கம்பியைப் பிடித்திருந்தாள். எனக்கு நோய் என்று சொன்ன நாளில் நானும் இப்படித்தான் இதே கம்பியைப் பிடித்து நின்றேன்.

சுவரோரம் கொஞ்சம் வெயில் இருந்தது. இரண்டு நாற்காலிகளை வெளியே தள்ளித் தள்ளிப் போட்டேன். சோளக்களியும் புளித்த பாலும் இரண்டு பேருக்கும் எடுத்து வந்தேன்.

"உக்காரு. மாத்திர மொத மாசம் குமட்டும். சாப்புடாம இருந்துடாத."

இருட்டும் வரை அவள் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.