ஜன்னல் பக்கத்துக் கன்னம்

என்னங்க,

ஸ்கூல் வேனை எடுக்க நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது. பிளம்பர் வந்தால் மாடிச் சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

"அறுபது வயசுல கிரீம் தடவினா யாரு மயங்கி விழப் போறா?" என்று நேற்று கேட்டீர்களே, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். இத்தனை வருஷம் வேன் ஓட்டியதில் ஜன்னல் பக்கத்துக் கன்னம் வெயில் குடித்துக் குடித்து, அடுத்த கன்னத்துக்கு அக்காவாகிவிட்டது. அக்காவுக்கு மட்டும் தடவிப் பார்க்கிறேன். அவள் தங்கை வயதுக்கு இறங்கி வருவாளா, மாட்டாளா? தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தலை வெடித்துவிடும். அவ்வளவுதான். யாரையும் மயக்க இல்லை.

ஆனால் ஒரு கன்னத்துக்குத் தடவியா டப்பா அதற்குள் பாதியானது? நம் வீட்டில் பூனைகூட இல்லையே!

பி.கு.: துப்புத் துலங்கிவிட்டது. சிமென்ட் தின்று தேய்ந்த உங்கள் கட்டைவிரல் ரேகையை உங்கள் போன் என்றைக்காவது மதித்ததுண்டா? எப்போதும் நம்பர் தட்டித்தானே திறப்பீர்கள். இன்று காலையில் விரல் வைத்ததும் பட்டென்று திறந்தது. நீங்களே திகைத்துப்போய் நின்றீர்கள். கதவோரம் நின்று பார்த்தேன்.

இன்னொன்று (இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்): கொத்தனாரே, இனிமேல் திருட வேண்டாம். ராத்திரி அக்காவுக்கு நீங்களே தடவிவிடுங்கள். உங்கள் கைக்கும் ஆயிற்று.