பதினாறடிப் படகு

கொல்லங்கோடு
12.6.2023

அன்புள்ள மாமாவுக்கு,

யோகா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடுதாசி.

நேற்றுக் காலை நம்முடைய பத்தடிப் படகு கவிழப் பார்த்தது. மலைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. நம் ஊர் அணையின் நடுவில் வலை இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் ஏறிய அலை உள்ளே விழுந்து, கணுக்கால் முழுகத் தண்ணீர். வலையை அறுத்துவிட்டு, தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தேன். பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாளக்கா கரையில் நின்று அழுதே விட்டார்.

இந்தப் படகு இனி ஆகாது. பதினாறடி அலுமினியப் படகு, பக்கம் உயரமாகவும் மூக்கு கூராகவும் இருந்தால் இந்தக் காற்றுக்குத் தாங்கும் என்கிறார் படகுக் கடை ரிஜின். மூணாறில் இரண்டு வருஷமாகச் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர் நீங்கள். எது வாங்கலாம் என்று எழுதுங்கள்.

யோகா

*

மூணாறு
24.6.2023

அன்புக் கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே கிளம்பியிருப்பேன், லீவு தரமாட்டேன் என்கிறார்கள்.

பதினாறடி வேண்டாம். கனம் அதிகம். கரையேற்ற இரண்டு ஆள் வேண்டும். பன்னிரண்டடி என்றால் நீ ஒருத்தியே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அடி தட்டையாக இருக்கிறதா என்று பார், அப்போதுதான் ஆடாது. அதுவும் இப்போது வேண்டாம். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் யாராவது புதுசு வாங்குவார்களா? ஆவணியில் பார்க்கலாம். அதுவரை தண்ணீரில் இறங்காதே.

உன் கோபிநாத்

*

கொல்லங்கோடு
1.7.2023

மாமாவுக்கு,

ஆவணி என்கிறீர்கள். காற்று அடிப்பதே ஆடியில்தானே! இறங்காதே என்கிறீர்கள். மீன்பிடிப் பாஸ் என் பெயரில் இருக்கிறது. ஒரு மாதம் சேர்ந்தாற்போல் போகாவிட்டால் சங்கத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இது உங்களுக்குத் தெரியாதா?

நீங்கள் சொன்ன தட்டை அடிப் படகில் ரிஜினோடு ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு அலைக்கும் தூக்கித் தூக்கிப் போட்டதில் இடுப்பு கழன்றுவிட்டது. உங்கள் அணையில் மதகுப் பக்கம் காற்றில்லாத இடத்தில் வட்டமடிக்க அது சரியாக இருக்கும். இங்கே ஆகாது.

அதுகூடப் பரவாயில்லை. 'நீ ஒருத்தியே' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத்தான் நாலு தடவை படித்தேன். பதினாறடிக்கு இரண்டு ஆள் வேண்டுமென்றால் புருஷன் பெண்டாட்டி என்று நாம் இரண்டு பேர் இல்லையா? பொங்கலுக்கு வருகிறேன் என்றீர்கள். அப்புறம் விஷு என்றீர்கள். இப்போது ஒருத்திக்கான படகாகப் பார்த்துச் சொல்கிறீர்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது மாமா. பயமாகவும் இருக்கிறது. நேராகவே கேட்கிறேன்: நீங்கள் ஊருக்கு வருவீர்களா, மாட்டீர்களா?

யோகா

*

மூணாறு
22.7.2023

அன்புள்ள யோகா,

எதை எழுதினாலும் குதர்க்கமாகவே எடுத்துக்கொள்கிறாய். நான் படகைப் பற்றித்தானே எழுதினேன்?

இங்கே புதிதாக இரண்டு படகு வருகிறது. என்னை மேற்பார்வைக்குப் போடுவதாகப் பேச்சு. தங்க ஓர் அறையும் தருவார்களாம், ஒற்றை ஆளுக்கு உண்டானது. இந்த நேரத்தில் எப்படி விட்டுவிட்டு வருவது? ஓணம் சீசன் முடியட்டும், பேசிக்கொள்ளலாம்.

பன்னிரண்டடிப் படகு ஒன்றின் படம் இதோடு வைத்திருக்கிறேன். நீல நிறம். உனக்குப் பிடிக்கும்.

கோபிநாத்

*

கொல்லங்கோடு
6.8.2023

மாமாவுக்கு,

படம் கிடைத்தது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

பதினாறடியே வாங்கிவிட்டேன், ஆடி மாதத்திலேயே. நமக்கு ஆடி, மலையாளத்துக்காரருக்குக் கர்க்கடகம், யாருமே புதுசு வாங்காத மாதம் என்பதால் ரிஜின் கடையில் ஈ காக்கா இல்லை. மனிதர் மூன்று படகைத் தண்ணீரில் இறக்கிக் காட்டினார், மூன்றிலும் ஏறி நடு அணைவரை போய் வந்தேன். உயரமான பக்கத்தைத் தாண்டி ஓர் அலைகூட உள்ளே வரவில்லை. நேற்று வலையை முழுசாகச் சுருட்டிக்கொண்டு வந்தேன். இந்த வருஷம் பயமில்லாமல் போய் வந்தது நேற்றுத்தான்.

கனம் என்று நீங்கள் சொன்னது உண்மை. நானும் கருப்பாத்தாளக்காவும் மூச்சு வாங்க வாங்கத்தான் கரையேற்றினோம்.

பெரிய படகு என்பதால் சங்கத்தில் புது ஃபாரம் எழுதினார்கள். கூடப் போகிற ஆளின் பெயரும் வேண்டுமாம். செயலாளர், "கோபிநாத்துன்னு எழுதிக்கலாமுங்களா?" என்றார். "அவரு வரமாட்டாருங்க. கருப்பாத்தாள்னு போடுங்க" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அங்கேயே அழுகை வந்துவிட்டது. எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

எழுதிய பெயரை ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாதாம். அதனால் ஓணம் முடிந்ததும் நீங்கள் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
யோகப்பிரியா